சுவருக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு பாதை

மண்வெட்டி என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. மீன் பேக்கிங் ஷெட்டுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் வைத்தது. நகராட்சிச் சம்பளப் பட்டியலில் அவளுடைய வேலைக்கு ஏதோ நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. அதை யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேலை இதுதான்: துறைமுகத்தில் ஆரம்பித்து ஷெட் வாசல்வரை கடலோரமாகப் போகிற நடைபாதையை அலைக்கும் மழைக்கும் பறிகொடுக்காமல் பார்த்துக்கொள்வது. குழி விழுந்தால் நிரப்புவாள். ஓரம் சரிந்தால் கல் அடுக்குவாள். முள்செடி காலைக் கிழித்தால் அதன் வேரைக் கிழிப்பாள். எந்நேரமும் தோளில் மண்வெட்டி கிடக்கும். பெயர் ஒட்டிக்கொண்டது.

பேச்சும் அதே ரகம்தான். கொத்தினால் ஒரே கொத்து. கலெக்டரே வந்து "எப்படி இருக்கீங்க" என்று கேட்டாலும் "காலைத் தூக்குங்க, கல்லு போடணும்" என்றுதான் சொல்வாள்.

அவள் பார்த்துக்கொள்கிற பாதையைப் பற்றித் தெரியாமல் அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு பக்கம் ஐஸ் பேக்டரியின் நீளச் சுவர். மறு பக்கம் சின்ன மணல் இறக்கம், அதற்குக் கீழே கடல். நடுவில் மூன்று பெண்கள் தோளோடு தோள் உரச நடக்கிற அகலம். ஒரு காலத்தில் பத்துப் பேர் நடக்கலாம். சுவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு முறை பழுது பார்க்கும்போதும் அது கடலைப் பார்த்து ஓர் எட்டு எடுத்து வைக்கும். எந்தச் சுவராவது முதலாளி பக்கமாக நகர்ந்து யாராவது பார்த்ததுண்டா?

மண்வெட்டியும் முன்னால் ஷெட்டில் மீன் அறுத்தவள்தான். அந்தக் காலத்தில் பேக்டரிக்காரர்கள் பாதையின் இரண்டு முனையிலும் இரும்புக் கதவு போட்டுப் பூட்டினார்கள். சுவர் வேலை நடக்கிறது, தற்காலிகமாக மூடுகிறோம் என்று போர்டு வைத்தார்கள். வேலை முடிந்தது. சுவர் காய்ந்தது. சுவரில் பாசியும் பிடித்தது. கதவு மட்டும் திறக்கவில்லை. பெண்கள் பின்பக்கத்து லாரி ரோட்டில் போய்வந்தார்கள். அந்த ரோட்டில் மனுஷர் ஒதுங்க ஓரமே கிடையாது. வெள்ளைக் கோடு முடிகிற இடத்தில் சாக்கடை தொடங்கும். அப்படிப் போகும்போதுதான் ஒரு மீன் லாரியின் பக்கக் கண்ணாடி அவளுடைய நாத்தனாரின் தோளில் அடித்தது. உயிர் தப்பியது. இடது கை மட்டும் அதற்கப்புறம் தலைக்கு மேலே எழும்பவில்லை. இன்றுவரை தலை சீவ அடுத்தவர் கை வேண்டும். வீட்டில் அந்த அடுத்தவர் மண்வெட்டிதான்.

நாத்தனார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், மண்வெட்டி உறைந்த பெரிய மீனை அறுக்கிற ரம்பத்தை ஷெட்டிலிருந்து முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து கதவுப் பூட்டை அறுத்தாள். பெண்கள் பாதை வழியே நடந்தார்கள். மறுநாள் புதுப் பூட்டு. மறுபடி அறுத்தார்கள். பூட்டு வாங்கிப் போட்டவன் ஓய்ந்தான், அறுத்தவர்கள் ஓயவில்லை. கடைசியில் நகராட்சி, இது பொதுப்பாதை என்று ஒப்புக்கொண்டு, பராமரிப்பு வேலையை அவளிடமே கொடுத்தது. வேலை கொடுத்தால் வாயை மூடிக்கொள்வாள் என்று யாராவது கணக்குப் போட்டிருக்கலாம். வேலையை வாங்கிக்கொண்டாள். வாய் எப்போதும்போல் திறந்தே இருந்தது.

அந்தச் சண்டையிலிருந்து அவள் ஒன்றை மனசில் ஆணி அடித்து வைத்துக்கொண்டாள். தற்காலிகமாக என்று சொல்லி மூடுவதை மூடினவன் ஒருநாளும் தானாகத் திறக்கமாட்டான்.

இப்போது வம்பு எங்கே ஆரம்பித்தது என்று பார்ப்போம்.

போன மழைக்குப் பாதையின் நடுப்பகுதி சேறாகிவிட்டது. பெண்கள் ரப்பர் பூட்ஸோடு வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். நகராட்சியில் ஜல்லி கேட்டாள். வரும் என்றார்கள். வருகிற ஜல்லி வரும்வரை உட்கார்ந்திருக்கிற ஆள் அவள் இல்லை. ஷெட்டுக்குப் பின்னால் மலை மாதிரி குவிந்து கிடந்த சிப்பி ஓடுகளைத் தள்ளுவண்டியில் அள்ளி வந்தாள். கட்டையால் அடித்து நொறுக்கி, கடற்கரைப் பொடிக்கல்லோடு கலந்து, ஒரு சாண் உயரத்துக்கு மேடாக விரித்தாள். தண்ணீர் நிற்கவில்லை. வெள்ளைவெளேரென்று காய்ந்து கிடந்தது. நடந்தால் நறநறவென்று சத்தம்.

"என்ன அண்ணி, மாப்பிள்ளை அழைப்பு ஏதாவது இருக்கா?" என்றாள் நாத்தனார். "எங்க பூட்ஸுக்கு இது ஓவர்."

"விழாம நட. மாப்பிள்ளைய அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த வெள்ளை மேட்டுக்கு ஒரு மாப்பிள்ளை வரத்தான் செய்தான், ஜோடியோடு.

சின்னப் பறவை. முதுகு மணல் நிறம், வயிறு வெள்ளை, குச்சிக்கால். மண்வெட்டி ஓரமாகக் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது அவள் காலடியிலிருந்து கிளம்பி, ஒரு சிறகைத் தரையில் தேய்த்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடியது. பாவம், அடிபட்டிருக்கிறது என்று பின்னாலேயே போனாள். நல்ல தூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டு, இரண்டு சிறகையும் ஜம்மென்று விரித்துப் பறந்துவிட்டது. மறுநாளும் அதே நாடகம். மூன்றாம் முறை அவள் பின்னால் போகவில்லை. இருந்த இடத்திலேயே குனிந்து பார்த்தாள். நொறுங்கிய சிப்பிக்கு நடுவில், கூடும் இல்லை குச்சியும் இல்லை, சும்மா ஒரு பள்ளத்தில் மூன்று முட்டைகள். கல் எது முட்டை எது என்று தெரியாத நிறம். இன்னும் அரை அடி தள்ளிக் காலை வைத்திருந்தால் கூழாகியிருக்கும்.

ஒரு காலி மீன் பெட்டியை அடையாளத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, வனவிலங்கு ஆபீசுக்கு போன் போட்டாள். ஆம்புலன்ஸ் மாதிரி யாராவது வந்து முட்டையைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று அவள் நினைப்பு.

வந்தது ஒரு அம்மாள். நடுத்தர வயது, வெயிலில் கருத்த முகம், கழுத்தில் தொலைநோக்கி. பெண்கள் அவருக்குப் பறவை மேடம் என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள். முட்டையைப் பார்த்ததும் அந்த அம்மாள் முகம், பிரசவ வார்டு வாசலில் நிற்கிற பாட்டி மாதிரி ஆகிவிட்டது.

"உப்புக்கொத்தி," என்றார். "இந்தக் கரையில இது முட்டை வச்சுப் பாத்து எவ்வளவோ வருஷம் ஆச்சும்மா."

"சரி, எடுத்துட்டுப் போங்க."

"எடுக்க முடியாது. எடுத்தா தாய் வந்து உட்காராது. செத்த முட்டைதான் மிஞ்சும்."

"அப்ப என்ன செய்யறது? காலையில ஐம்பது அறுபது பேர் நடக்கிற பாதை இது. இதுக்கு வேற இடமே கிடைக்கலியா?"

"கிடைக்கலியே. இதுக்கு வேண்டியது உடைஞ்ச சிப்பி, பொடிக்கல்லு, தண்ணி நிக்காத மேடு. முன்னாடி கரை பூரா இருந்துச்சு. இப்ப எங்க பாத்தாலும் சுவரும் சிமெண்டும். யாரோ இங்க மட்டும் அளவெடுத்த மாதிரி விரிச்சு வச்சிருக்காங்க."

மண்வெட்டி தோளில் கிடந்த மண்வெட்டியை மெல்ல முதுகுக்குப் பின்னால் இறக்கினாள்.

அந்த அம்மாள் தொடர்ந்தார். ஆள் நடமாட்டம் இருந்தால் பறவை முட்டையை விட்டு எழுந்து போய்விடும். எழுந்த நேரத்தில் வெயில் சுடும், காக்கா பார்க்கும். அதனால் இரண்டு பக்கமும் குறுக்கே கயிறு கட்டிப் பாதையை மூடவேண்டும். "குஞ்சு வெளிய வந்து போற வரைக்கும்தான். தற்காலிகமா..."

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க மேடம்."

"சொல்லலை. ஆனா கயிறு கட்டித்தான் ஆகணும். நீங்க கட்டலைன்னா நான் கட்டணும். சட்டம் அப்படி."

அதில் மிரட்டல் இல்லை. அந்த அம்மாள் ஏற்கெனவே கம்பை எடுத்து மணலில் ஊன்ற ஆரம்பித்திருந்தார். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. மண்வெட்டி கம்பை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். இது அவள் பாதை. இதில் முடிச்சு விழுந்தால் அவள் கையால் விழட்டும், அப்போதுதான் அவள் கையால் அவிழ்க்க முடியும். அப்படி நினைத்துத்தான் கட்டினாள். பூட்டை அறுத்த கை அன்றைக்குக் கயிறு கட்டியது.

சாயங்காலம் ஷெட்டிலிருந்து திரும்பிய பெண்கள் கயிற்றுக்கு முன்னால் கும்பலாக நின்றார்கள். நாத்தனார் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். யார் கட்டிய முடிச்சு என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை. அந்த வீட்டில் அரிசி மூட்டைக்கும் அதே முடிச்சுதான். லாரி ரோட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் பூட்ஸை மூலையில் எறிந்தாள்.

"சிப்பி மெத்தை விரிச்சுக் குடுத்ததும் நீதான், ஆபீசரைக் கூப்பிட்டு விட்டதும் நீதான், எங்களை ரோட்டுக்குத் துரத்தினதும் நீதான். வேற யாராவது செஞ்சிருந்தா இந்நேரம் ரம்பத்தோட முன்னாடி நின்னிருப்ப."

"முட்டை மூணு இருக்குடி. மிதிச்சுட்டுப் போகச் சொல்றியா?"

"எனக்குத் தோள் ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அதுக்கு யாரு கயிறு கட்டறாங்க?"

மண்வெட்டியின் வீட்டுக்காரர் படகு மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். தங்கச்சி பேசும்போது அவளைப் பார்த்துத் தலையாட்டினார், பெண்டாட்டி பேசும்போது இவளைப் பார்த்து ஆட்டினார்.

"உங்க கழுத்துல என்ன ஸ்பிரிங்கா இருக்கு?" என்று இருவருமே ஒரே நேரத்தில் கேட்டார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். மறுநாள் காலையில் தலை சீவிக்கொள்ள நாத்தனார் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

தலைமுடி முடிந்த கையோடு பெண்களைத் திரட்டிக்கொண்டு பாதைக்கு வந்தாள். அதே ரம்பம். கயிறு இரண்டாகத் தொங்கியது. மண்வெட்டி ஓடிவந்து முட்டைக்கு இந்தப் பக்கம் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். சண்டை அங்கேயே, அந்த வெள்ளை மேட்டிலேயே நடந்தது.

"ஆபீஸ் ஆளாயிட்டியா அக்கா?" என்றாள் ஷெட்டில் மீன் எடை போடுகிறவள்.

"சுத்திப் போங்கடி, ஒரு மாசம். கால்ல விழறேன்."

"ஒரு மாசம்னு சொல்லி எத்தனை வருஷம் சுத்தினோம்? நீதான சொல்லிக் குடுத்த, தற்காலிகம்னா நம்பாதீங்கன்னு?"

பறவை சுவர்மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவரவர் நியாயத்தை அவரவர் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு காக்கா அவர்கள் முதுகுக்குப் பின்னால் இறங்கியது. எடை போடுகிறவள் "ஏய்" என்றாள். காக்கா எழும்பியபோது அதன் அலகில் ஒரு முட்டை இருந்தது.



"காக்காதான எடுத்துச்சு," என்றாள் நாத்தனார், யாரும் கேட்காமலே. "நாங்களா எடுத்தோம்?"

"நீங்களும் எடுக்கல, நானும் எடுக்கல. நாம நின்னோம். நாம நின்ன இடத்துல அதால உட்கார முடியல."

"அப்ப நாங்க எங்க நிக்கிறது அண்ணி? லாரிக்கு அடியிலயா?"

நியாயமான கேள்விக்குப் பதில் இல்லாதபோது கோபம் வரவேண்டும். யார்மேல் வருவது? பறவை மேலா, பறவை மேடம் மேலா, தோள் போன நாத்தனார் மேலா? அவள் சுற்றிப் பார்த்தாள். இந்தப் பக்கம் கடல். அந்தப் பக்கம் சுவர். பத்துப் பேர் நடந்த இடத்தை மூன்று பேர் நடக்கிற இடமாக்கிய சுவர். பெண்களையும் பறவையையும் ஒரே பாயில் படுக்கவைத்து அடித்துக்கொள்ள விட்டுவிட்டு, தான் எதுவும் தெரியாத மாதிரி வெள்ளையடித்துக்கொண்டு நிற்கிற சுவர். அதன் இரண்டு முனையிலும் பேக்டரிக்கு இரண்டு கேட். சுவருக்கு உள்ளே லாரி திரும்புகிற அளவுக்கு விசாலமான யார்டு.

"கேளுங்கடி," என்றாள். "கயிற நான் திரும்பக் கட்டப்போறேன். குஞ்சு வெளிய வந்த அன்னைக்கு நானே அவுப்பேன். ஒரு நாள் தள்ளினாலும் என்னை என்ன வேணா கேளுங்க. அதுவரைக்கும் ஒருத்தியும் லாரி ரோட்டுல போகவேண்டாம்."

"பின்ன பறந்து போறதா?"

"பேக்டரிக்குள்ள நடந்து போறது."

பேக்டரி மேனேஜர் முடியாது என்றார். இன்சூரன்ஸ் என்றார், பாதுகாப்பு என்றார், தரை வழுக்கும் என்றார். பறவை மேடமும் கூட வந்து கேட்டுப் பார்த்தார். "பறவை உங்க டிபார்ட்மெண்ட், ஐஸ் என் டிபார்ட்மெண்ட்," என்று அவருக்கும் கதவைச் சாத்தினார். மறுநாள் ஐஸ் லாரிகள் கிளம்புகிற நேரத்தில் பெண்கள் கேட்டுக்கு முன்னால் பூட்ஸோடு உட்கார்ந்தார்கள். லாரியிலிருந்து ஐஸ் சொட்ட ஆரம்பித்தது. பறவை மேடம் அரசு ஊழியர், உட்காரக்கூடாது. கேட்டுக்கு நேர் எதிரே குடையை விரித்துக்கொண்டு நின்றார். கேட்டதற்கு, பறவை பார்க்கிறேன் என்றார். லாரிக்கு அடியில் குளம் கட்டியதும் மேனேஜர் கேட்டைத் திறந்தார். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும், தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டாமல், யார்டு வழியாகப் போகலாம் என்று முடிவானது.

நாத்தனாரும் அந்தத் தரையில் உட்கார்ந்தாள். முழக்கமும் போட்டாள். ஆனால் மண்வெட்டி பக்கத்தில் வந்து இடம் பிடித்தபோது எழுந்து வேறு வரிசைக்குப் போனாள். சொல்லவேண்டியதை அண்ணன் மூலம் சொல்லியனுப்பினாள்.

"பாதைக்காகத்தான் உட்கார்ந்தாளாம். உனக்காக இல்லையாம்," என்றார் அவர்.

"தெரியும்னு சொல்லுங்க."

"நீங்களே பேசிக்கக் கூடாதா? நடுவுல நான் என்ன தபால் ஆபீசா?"

கயிறு திரும்பக் கட்டப்பட்டது. பகல் முழுக்க மண்வெட்டி கயிற்றுக்கு இந்தப் பக்கம் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நாயைத் துரத்தினாள். போட்டோ எடுக்க வந்தவனைத் துரத்தினாள். காக்கா விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தாள். பறவை அவளுக்குப் பழகிவிட்டது. எழுந்து ஓடுவதை நிறுத்தியது. வெயில் ஏறினால் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் நின்று நிழல் கொடுக்கும். அம்மா அலுத்தால் அப்பா வந்து உட்காரும். "பரவாயில்லையே," என்று அதைப் பார்த்துச் சொல்வாள். "எங்க வீட்டுக்காரர் தலையாட்டறதோட சரி."

அவளுக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு நடந்து போவது கேட்கும். அவள் இருக்கும் இடத்துக்கு நேரே வரும்போது பேச்சு நின்றுவிடும். தாண்டினதும் தொடரும்.

அதைவிடப் பெரிய தலைவலி ஒருநாள் சுவரிலேயே முளைத்தது. மேனேஜர் ஆள் வைத்துப் பெரிதாக எழுதியிருந்தார்: பறவைகளைக் காப்போம். காக்காவுக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன் கீழே நின்று கை கட்டிக்கொண்டு ரசித்தார்.

"யோசிச்சுப் பாத்தேன்மா," என்றார் அவளிடம். "இதுவே நல்ல ஏற்பாடா இருக்கு. லேடீஸ் எங்க யார்டு வழியாவே போகட்டும். இந்த ஓரத்தைப் பறவைக்கே விட்டுடலாம். நாங்களே சுத்தி வேலி போட்டுப் பாத்துக்கறோம். நகராட்சியில பேசிட்டேன்."

"யார்டு கேட்டுச் சாவி யாருகிட்ட இருக்கும்?"

"எங்ககிட்டதான். வேற யாருகிட்ட?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. இன்றைக்கு வேலி, நாளைக்குச் சுவர், அப்புறம் ஒருநாள் யார்டு கேட்டில் பூட்டு. பறவையும் இருக்காது, பாதையும் இருக்காது. இதற்கெல்லாம் முதல் முடிச்சு அவள் கட்டியது. கயிறு சொன்ன நாளில் அவிழவில்லை என்றால் அப்புறம் எந்த நாளிலும் அவிழாது.

குஞ்சுகள் ஒரு காலையில் வெளியே வந்தன. இரண்டு. பஞ்சு உருண்டைக்குத் தீக்குச்சி செருகியது மாதிரி. ஈரம் காய்ந்த சற்று நேரத்தில் எழுந்து ஓடவே ஆரம்பித்துவிட்டன. பறவை மேடம் தொலைநோக்கியை எடுக்கவில்லை, கண்ணைத்தான் துடைத்துக்கொண்டார். மண்வெட்டி எழுந்து போய்க் கயிற்று முடிச்சில் கை வைத்தாள்.

"என்னம்மா செய்யறீங்க?"

"சொன்னேன்ல. பொரிச்ச அன்னைக்கு அவுப்பேன்னு."

"ஐயோ, இப்பதான் ரொம்ப கவனமா இருக்கணும். பறக்கவே இன்னும் ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் கயிறு இருக்கட்டும்."

"முதல்லயே இத ஏன் சொல்லல?"

"குஞ்சு போற வரைக்கும்னு சொன்னேனே. பொரிக்கிற வரைக்கும்னா சொன்னேன்?"

உண்மைதான். அப்படித்தான் சொல்லியிருந்தார். பெண்களிடம் வாக்குக் கொடுக்கும்போது அவசரத்தில் மண்வெட்டிதான் அதைச் சுருக்கிவிட்டாள்.

"தப்பு என்னுதுதான் மேடம். ஆனா வாக்கு வாக்குதான். நாளைக்குக் காலையில இந்தப் பாதை திறந்திருக்கணும். இல்லைன்னா அந்தச் சுவர்ல எழுதியிருக்கிறவன் ஜெயிச்சிடுவான்."

"நீங்க அவங்களுக்கு வாக்கு குடுத்தீங்க. இதுங்களுக்கு யாரு குடுத்தா? நான்தான். ஒண்ண மிதிச்சாக்கூட என்னால தாங்க முடியாது."

இருவருமே முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இருவருமே விடுகிற ஜாதி இல்லை. அப்படி நின்ற நேரத்தில் தாய்ப்பறவை குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மணல் இறக்கத்தில் இறங்கியது. அலை போன ஈரத்தில் குஞ்சுகள் குடுகுடுவென்று ஓடி எதையோ கொத்தித் தின்றன. வெகுநேரம் மேலே வரவில்லை.

"சாப்பாடு கீழதானா?" என்றாள் மண்வெட்டி.

"ஆமா, தண்ணி ஓரத்துலதான். இனி பெரும்பாலும் அங்கதான் இருக்கும்."

"அப்ப மேல சுவரோரமா அதுக்கு என்ன வேலை?"

"வேலை இல்லை. ஆனா பயந்தா கண்மண் தெரியாம ஓடும். ஓடி வந்து பாதையில அசையாம உட்கார்ந்துச்சுன்னா கண்ணுக்கே தெரியாது. கால் வச்சிடுவாங்க."

"ஏறி வர முடியாம பண்ணினா?"

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "எப்படி?"

மண்வெட்டி முடிச்சை அவிழ்த்தாள். கயிற்றைக் குறுக்கே கட்டாமல், பாதையின் நீளவாக்கில், சுவரை ஒட்டி இழுத்துப் பிடித்துக் காட்டினாள். அடியில் மீன் பெட்டிப் பலகைகளை நிமிர்த்தி வரிசையாக நிறுத்தினால் குஞ்சு ஏறாது. பலகைக்குக் கடல் பக்கம் முழுக்கப் பறவைக்கு. சுவர்ப் பக்கம் நடக்கிறவர்களுக்கு.

பறவை மேடம் சுவருக்கும் கயிற்றுக்கும் நடுவில் போய் நின்று பார்த்தார். "ஒரு ஆள் அகலம்தாம்மா இருக்கு."

"ஒரு ஆள் போனா அது பாதைதான் மேடம்."

"கூட்டமா வரக்கூடாது. சத்தம் போடக்கூடாது. நாய் கூடாது. வேலைக்குப் போற நேரம், வர நேரம் மட்டும். மத்த நேரம் நீங்க இங்க நிக்கணும்."

"நிக்கறேன். எனக்கு வேற எங்க வேலை?"

"இதுக்கு மேலதிகாரி என்னைத் திட்டுவாரு."

"என்னைத் திட்டறதுக்கு வீட்டுல ஆள் இருக்கு. சரிக்குச் சரி."

பொழுது சாயும்வரை இருவரும் பலகை சுமந்தார்கள்.

மறுநாள் காலையில் மேனேஜர் யார்டு கேட்டை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றார். "உள்ள வாங்கம்மா. குடிக்கத் தண்ணிகூட வச்சிருக்கேன்." பெண்கள் கேட்டுக்கும் பாதைக்கும் நடுவில் தயங்கி நின்றார்கள். அந்த வழி அகலம், இந்த வழி ஒரு ஆள்.

நாத்தனார் முன்னால் வந்தாள். குறுக்கே கயிறு கட்டியிருந்த கம்பைப் பார்த்தாள். கம்பு மட்டும் இருந்தது. நீளமாக ஓடுகிற கயிற்றைப் பார்த்தாள், அதற்குக் கீழே பலகையை, அதற்கும் கீழே ஈர மணலில் ஓடுகிற இரண்டு பஞ்சு உருண்டைகளை. அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எழும்பாத கையைச் சுவர்ப் பக்கம் ஒடுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"ஒருத்தி பின்னாடி ஒருத்தி வாங்க. பலகைய உதைக்காதீங்க. வாய மூடிட்டு வாங்க."

"நீ வாய மூடச் சொல்ற காலமும் வந்துடுச்சா?" என்று பின்னாலிருந்து எடை போடுகிறவள் கிசுகிசுத்தாள்.

"உஷ்!"

பூட்ஸ் கால்கள் ஒவ்வொன்றாக, திருட்டுப் பூனைகள் மாதிரி, சுவரை உரசிக்கொண்டு போயின. மண்வெட்டி மறுமுனையில் நின்றுகொண்டிருந்தாள். கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நாத்தனார் அவளைத் தாண்டிப் போனாள். நாலு எட்டுப் போய் நின்றாள். திரும்பினாள்.

"அண்ணி, நடுவுல ஒரு பலகை ஆடுது."

"ஆணி அடிச்சிடறேன்."

"ஆணி அடிக்காத. சத்தத்துல அது ஓடிடும். கல்லு வச்சு முட்டுக் குடு."

சொல்லிவிட்டு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தாள். மண்வெட்டி கல் பொறுக்க மணலில் இறங்கினாள். அவள் தலைக்கு மேலே, பாதையில், பெண்கள் இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள்.